உப்பு போட்டது யார்?

‘அடி, உதை எதுவும் இல்லாமல், செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று போலீசிடம் ஒருவர் சொல்வாரா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சொல்வார். சில சமயம் அதை நம்பியே சொல்வார்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு ஒரே பத்தி. ஹார்வர்டின் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் 1908-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். 1985-ல் சால் காசினும் லாரன்ஸ் ரைட்ஸ்மனும் பொய் வாக்குமூலங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: தானாக வந்து சொல்வது, விட்டால் போதும் என்று சொல்வது, தானே நம்பிவிடுவது. எனக்குப் பிடித்தது மூன்றாவது.

1996-ல் காசினும் கேதரின் கீச்செலும் 75 மாணவர்களைக் கணினியில் எழுத்துகளைத் தட்டச் சொன்னார்கள். ‘ஆல்ட் பொத்தானை மட்டும் தொடாதே, எல்லாம் அழிந்துவிடும்’ என்று எச்சரிக்கை. ஒரு நிமிடத்தில் கணினி தானாக நின்றது. ‘தொட்டாயா?’ முதலில் எல்லோரும் மறுத்தார்கள். ஆனால் கடைசியில் 69 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள். அவசரமாகத் தட்டவைத்து, பக்கத்தில் இருந்தவரை ‘நான் பார்த்தேன்’ என்று பொய் சொல்லவைத்தபோது ஒருவர்கூட மிஞ்சவில்லை. எந்த எழுத்தைத் தட்டும்போது கை பட்டது என்று விவரம் சொன்னவர்களும் உண்டு!

காலை ஏழரை மணிச் சமையலறைக்கு வாருங்கள். குக்கர் கத்துகிறது, டிபன் பாக்ஸ் காத்திருக்கிறது. ‘சாம்பாருக்கு ரெண்டு தடவை உப்பு போட்டே, நான் பார்த்தேன்’ என்கிறார் மாமியார். போட்டதற்கு நினைவு இருக்கும். போடாததற்கு எங்கே இருக்கும்? செய்யாத செயல் மூளையில் தடம் விடுவதில்லை. அந்த வெற்றிடத்தில் அடுத்தவர் சொல் உட்கார்ந்துகொள்கிறது. ‘ஆமா, போன் வந்தப்போ போட்டுட்டேன் போல’ என்று மருமகளே கதையை முடித்துவைக்கிறார். விசாரணை அறையில் மாமியாருக்குச் சீருடை, சாம்பாருக்குப் பதில் சடலம்.

பொத்தானும் கொலையும் ஒன்றா? இல்லைதான். ஆய்வகத்தை வைத்து எல்லாவற்றையும் விளக்குகிறவர்களை நானும் நம்புவதில்லை. ஆனால் 1973-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 18 வயது பீட்டர் ரைலி தன் தாய் கொலையுண்டு கிடந்ததைப் பார்த்து உதவிக்கு ஆள் அழைத்தார். தூக்கமில்லாமல் மணிக்கணக்கில் விசாரணை. பொய்யறியும் கருவி அவருக்கு எதிராகச் சொல்வதாகப் போலீசார் சொன்னார்கள். அந்தக் கருவி அளப்பது வியர்வை, மூச்சு, நாடித்துடிப்பு, பொய்யை அல்ல. ரைலி தன் நினைவைச் சந்தேகித்தார், கருவியைச் சந்தேகிக்கவில்லை. தானே செய்திருக்க வேண்டும் என்று கையெழுத்திட்டார்.

போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலத்தை 1872-ன் இந்திய சாட்சியச் சட்டம் நீதிமன்ற வாசலிலேயே நிறுத்தியது. அமெரிக்காவில் அது உள்ளே போகும். ரைலிக்குத் தண்டனை கிடைத்தது. கொலை நடந்த நேரத்தில் அவர் வேறிடத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களின் வாக்குமூலம் அரசுத் தரப்பின் கோப்பில் கிடந்தது வெளியே வந்து, 1976-ல் வழக்கு தள்ளுபடியானது.

அத்தனை கொடூரமான கொலை. அன்று இரவு ரைலியின் உடையில் ரத்தக்கறை இல்லை. உப்பு போட்டாயா என்று விடிய விடியக் கேட்டவர்கள், சாம்பாரை ஒரு வாய் ருசி பார்த்திருக்கலாம்.