கீழூர் வாக்கெடுப்பு

கீழூர் வாக்கெடுப்பு என்பது பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவுடன் இணைவதா, பிரான்சுடன் நீடிப்பதா என்பதை முடிவு செய்ய 1954 அக்டோபர் 18 அன்று, புதுச்சேரிக்கு மேற்கே உள்ள கீழூர் சிற்றூரில் நடந்த வாக்கெடுப்பு ஆகும். இதில் பொதுமக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை; அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களே வாக்களித்தனர்.

பின்னணி

1947-இல் இந்தியா விடுதலை பெற்றபோது புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. தொடர்புடைய மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று 1946-ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசமைப்பு கூறியது. எனவே மக்களின் கருத்தைக் கேட்பது என்று 1948 சூனில் இரு அரசுகளும் உடன்பட்டன.

கல்கத்தா அருகிலுள்ள சந்திரநாகூரில் 1949 சூன் 19 அன்று மக்களே நேரடியாக வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைய 7,473 பேரும், எதிராக 114 பேரும் வாக்களித்தனர். மற்ற நான்கு பகுதிகளில் இத்தகைய வாக்கெடுப்பு நடக்கவில்லை. அதுவரை பிரெஞ்சு ஆட்சியை ஆதரித்து வந்த எதுவார் குபேர் 1954 மார்ச்சில் இணைப்பு அணிக்கு மாறினார். வாக்கெடுப்பே இல்லாமல் உடனே இணைய வேண்டும் என்று அவரும் மற்ற தலைவர்களும் கோரினர். பொதுமக்கள் வாக்கெடுப்புக்கும் இந்தக் கோரிக்கைக்கும் நடுவான வழியாக, உறுப்பினர்களின் வாக்கெடுப்பு ஏற்கப்பட்டது.

வாக்கெடுப்பும் முடிவும்

பிரதிநிதித்துவ சபை, நகராட்சிகள் ஆகியவற்றின் உறுப்பினர்கள் 178 பேர் பங்கேற்றனர். இணைப்புக்கு ஆதரவாக 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தனர். அக்டோபர் 21 அன்று புதுதில்லியில் உடன்படிக்கை கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று ஆட்சி நடைமுறையில் இந்தியாவிடம் வந்தது.

சட்டப்படியான ஒப்படைப்பு

நடைமுறையில் ஆட்சி மாறினாலும் சட்டப்படி மாற மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962-இல்தான் அதற்கு ஒப்புதல் தந்தது. 1962 ஆகஸ்ட் 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதனால்தான் புதுச்சேரியில் நவம்பர் 1 விடுதலை நாளாகவும், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ பரிமாற்ற நாளாகவும் இருவேறாகக் கொண்டாடப்படுகின்றன. ஆகஸ்ட் 16 விழா கீழூர் நினைவிடத்தில் நடைபெறுகிறது.

தனிமனிதரின் தேர்வு

கீழூரில் நேரடியாக வாக்களிக்காத மக்களுக்கு வேறொரு தேர்வு இந்த ஒப்பந்தத்தின் வழியாகக் கிடைத்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியவர் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் புதுச்சேரியில் உள்ளன. பிரான்சு நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது அவர்கள் இங்கிருந்தே வாக்களிக்கின்றனர்.

கீழூரில் முடிவானது நிலத்தின் உரிமை. எந்த நாட்டுக் குடிமகன் என்பதை 1962-க்குப் பின் ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்தனர். புதுச்சேரியின் இணைப்பு வரலாற்றைப் படிப்போர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.