தாத்தா, வாயைத் திறந்து காட்டுங்கள்!



குற்றாலம் மெயினருவியில் குளித்திருக்கிறீர்களா? அங்கே ஒரு பாதுகாப்பு வளைவு உண்டு. தண்ணீர் அதைத் தாண்டிக் கொட்டினால் போலீசார் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அடையாளம் தெரிந்ததுமே விலகினால் உயிர் பிழைக்கும், இல்லையா? புற்றுநோயும் அப்படித்தான்.

தென்காசியில் எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். வெற்றிலையும் புகையிலையும் எப்போதும் கன்னத்தில் ஒதுங்கியிருக்கும். வாய்க்குள் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. "சூட்டுப் புண்ணுல, தானா ஆறிரும்" என்றார். ஆறு மாதத்தில் ரசம் சாதம்கூட விழுங்க முடியவில்லை. மருத்துவரிடம் போனபோது நோய் முற்றியிருந்தது. தினமும் அவரோடு பேசிய நான், ஒருநாள்கூட வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

நம் உடம்பில் சில செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதே புற்றுநோய். இது தொற்று நோய் அல்ல. தொட்டால் ஒட்டாது. வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலையும் பாக்கும் முக்கியக் காரணங்கள்.

செங்கோட்டையிலிருந்து மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே திருவனந்தபுரம் பகுதியில் 1996ம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய், பெரியவர்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். 2005ல் முடிவு வெளியானது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களில், சோதனை நடந்த பகுதிகளில் வாய்ப் புற்றுநோய் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது! வெறும் பார்வைக்கே இவ்வளவு பலன்!

ஆனால், ஊர் ஊராகப் பார்க்கப் பயிற்சி பெற்ற கண்கள் போதுமா? இங்கேதான் கம்ப்யூட்டர் கைகொடுக்கிறது.

ஒன்றாம் வகுப்பில் 'ன', 'ண' இரண்டையும் எப்படிப் பிரித்தறிந்தீர்கள்? ஆசிரியர் திரும்பத் திரும்பக் காட்டினார். நீங்கள் பார்த்துப் பார்த்துக் கற்றீர்கள். கம்ப்யூட்டருக்கும் அதே பாடம்தான். "இது நல்ல வாய், இது சந்தேகமான வாய்" என்று மருத்துவர்கள் குறித்த படங்களை நிறையக் காட்டுகிறார்கள். பிறகு புதிய படத்தைப் பார்த்து அதுவே பிரித்துச் சொல்கிறது. இதுதான் செயற்கை நுண்ணறிவு.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தாரும் பெங்களூரு மருத்துவர்களும் சேர்ந்து, செல்போனோடு இணைந்த ஒரு கருவியை உருவாக்கி 2018ல் விவரம் வெளியிட்டார்கள். அது சாதாரண வெளிச்சத்தில் ஒரு படமும், ஊதா ஒளியில் ஒரு படமும் எடுக்கும். ஊதா ஒளியில் நல்ல சதை பச்சையாக மின்னும்; கெட்ட இடம் கறுத்துத் தெரியும்.

கம்ப்யூட்டரும் தவறு செய்யும். படம் மங்கலாக இருந்தால் ஏமாந்துபோகும். அது சொல்வது "சந்தேகம்" மட்டுமே. சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்து, நோயா இல்லையா என்று முடிவு சொல்பவர் மருத்துவர்தான்.

குழந்தைகளே, கருவி நம் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்களுக்குக் கூர்மையான கண்கள் இருக்கின்றன! வெற்றிலை, புகையிலை போடும் தாத்தா பாட்டியிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாத நிலை... இதில் எது இருந்தாலும் அப்பா அம்மாவிடம் சொல்லி, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். எல்லாத் திட்டும் புற்றுநோய் அல்ல, பயப்படவும் வேண்டாம்.

நான் கேட்கத் தவறியதை நீங்கள் இன்று மாலையே கேட்பீர்கள்தானே?