வக்கீல் ஆபீஸில் யாருக்கு இடம்? சட்ட நிறுவனங்களில் பன்முகத்தன்மை ஏன் முக்கியம்?

சட்டப் படிப்பை முடித்து, கறுப்பு கோட் மாட்டி, ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்த முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு தர்றாங்க?" என்பதுதான். பலரிடம் அதற்குப் பதில் இருப்பதில்லை. பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஏதோ கிடைக்கும். "தொழில் கத்துக்கிற நேரம்ப்பா, போகப் போக சரியாயிடும்" என்பார்கள். அப்பாவும் வக்கீல் என்றால் அந்த மூன்று, நான்கு ஆண்டுகளைச் சமாளித்துவிடலாம். அப்பா கட்டிட வேலைக்குப் போகிறவர் என்றால்?

சட்ட நிறுவனங்களில் 'டைவர்சிட்டி அண்ட் இன்க்ளூஷன்' பற்றிய பேச்சு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டும் ஒன்றல்ல

பன்முகத்தன்மை என்பது யார் உள்ளே வருகிறார்கள் என்பது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், திருநர், கிராமத்திலிருந்து வந்தவர்கள், தமிழ் வழியில் படித்தவர்கள் என எல்லோருக்கும் அலுவலகக் கதவு திறந்திருக்கிறதா?

இன்க்ளூஷன், அதாவது எல்லோரையும் உள்ளடக்கிக்கொள்வது, அதற்கு அடுத்த கட்டம். வந்தவர்கள் ஐந்து வருடம் கழித்தும் இருக்கிறார்களா? அவர்களுக்கு வாதாடும் வாய்ப்பு கிடைக்கிறதா, இல்லை கேஸ் கட்டைச் சுமப்பதும் வாய்தா வாங்குவதும் மட்டும்தானா?

கதவு திறந்த கதை

1916-ல் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்டபோது, பெண் என்பதால் முடியாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. 1923-ல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. நாட்டின் முதல் திருநங்கை வழக்கறிஞராக சத்யஸ்ரீ ஷர்மிளா தமிழ்நாட்டில் பதிவு செய்தது 2018-ல்.

அடுத்த தடை பணம். பார் கவுன்சிலில் பதிவு செய்ய வழக்கறிஞர்கள் சட்டம் சொல்லும் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். ஆனால் பல மாநிலங்கள் ஆயிரக்கணக்கில் வசூலித்தன. ஒடிசாவில் அது 40 ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. சட்டம் சொல்வதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படி வசூலிப்பது விளிம்புநிலை மக்களைத் தொழிலுக்குள் வரவிடாமல் தடுக்கிறது என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

பதிவுக் கட்டணம் குறைந்துவிட்டது. பதிவு செய்த பிறகு சாப்பாட்டுக்கு என்ன வழி? 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20 ஆயிரம் ரூபாயும், மற்ற இடங்களில் 15 ஆயிரம் ரூபாயும் தரும்படி சுற்றறிக்கை அனுப்ப தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்தில் 20 ஆயிரம், கிராமப்புறத்தில் 15 ஆயிரம் என்று சொன்னது. ஆனால் அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை.

சட்டத்தில் ஒரு இடைவெளி

இங்குதான் பலருக்கும் தெரியாத சிக்கல் வருகிறது. பார் கவுன்சில் விதி 49-ன்படி, வக்கீலாகத் தொழில் செய்கிறவர் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்க முடியாது. அதனால் பல சட்ட நிறுவனங்கள் தங்களிடம் வேலை செய்யும் இளம் வக்கீல்களுக்குச் சம்பளம் என்று தராமல் 'ரீட்டெய்னர்' தொகையாகத் தருகின்றன. காலையிலிருந்து ராத்திரி வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், காகிதத்தில் அவர் ஊழியர் இல்லை.

விளைவு? சட்டப்படியான 26 வார மகப்பேறு விடுப்பு, பி.எஃப் போன்ற ஊழியர் உரிமைகளை அவரால் உறுதியாகக் கேட்டுப் பெற முடிவதில்லை. அடுத்தவரின் உரிமைக்காக வாதாடுகிறவர், தன் விடுப்புக்கு சீனியரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் கொஞ்சம் பரவாயில்லை. 2013-ல் வந்த இந்தச் சட்டம் 'ஊழியர்' என்பதை விரிவாக வரையறுக்கிறது. ஒப்பந்தத்தில் வேலை செய்பவர், பயிற்சியில் இருப்பவர், ஊதியமே வாங்காதவர் எல்லோரும் அதில் அடங்குவர். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு கட்டாயம். அதைவிடச் சிறிய அலுவலகம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். பொதுவாகச் சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் தர வேண்டும்.

அமெரிக்கா செய்த முயற்சி

அமெரிக்க சட்ட நிறுவனங்களில் 2017-ல் 'மான்ஸ்ஃபீல்ட் விதி' அறிமுகமானது. 1869-ல் அங்கே முதல் பெண் வழக்கறிஞராகப் பதிவான அராபெல்லா மான்ஸ்ஃபீல்டின் பெயர் அது. பார்ட்னர், தலைமைப் பொறுப்பு போன்றவற்றுக்கு ஆள் தேடும்போது, பரிசீலனைப் பட்டியலில் குறைந்தது 30 சதவீதம் பெண்கள், சிறுபான்மை இனத்தவர் போன்றோர் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பதவி இவர்களுக்குத்தான் என்று அது சொல்லவில்லை. 'இவங்களையும் பாருங்க' என்று மட்டும் சொன்னது.

அதற்கும் எதிர்ப்பு வந்தது. 2025 மார்ச்சில் அந்நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணையம், 20 பெரிய சட்ட நிறுவனங்களின் பன்முகத்தன்மைத் திட்டங்கள் பற்றி விவரம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. இனமோ பாலினமோ பார்த்து வாய்ப்பு தருவதும் பாகுபாடாகலாம் என்பது ஆணையத்தின் கவலை.

ஒரு நிறுவனம் என்ன செய்யலாம்?

ஆள் எடுப்பது: "தெரிஞ்சவர் பையன் வந்திருக்கான்" என்பதற்குப் பதில் வேலை அறிவிப்பைப் பொதுவில் போடலாம். எல்லா சட்டக் கல்லூரிகளுக்கும் அனுப்பலாம்.

பணம்: முதல் மாதத்திலிருந்தே குறிப்பிட்ட தொகை, எழுத்தில்.

வேலைப் பங்கீடு: யாருக்கு எந்த வழக்கு, யார் வாதாடினார்கள் என்று மாதாமாதம் குறித்துவைத்தாலே போதும். குடும்ப வழக்கு எல்லாம் பெண்களிடமும், பெரிய வணிக வழக்கு எல்லாம் ஆண்களிடமும் போகிறதா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

விடுப்பு: ரீட்டெய்னர் வாங்குபவருக்கும் மகப்பேறு விடுப்பு உண்டு என்று நிறுவனமே ஒப்பந்தத்தில் எழுதலாம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது தடை இல்லை.

அணுகல்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி (2016) நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். சாய்தளம் மட்டும் போதாது. படமாக ஸ்கேன் செய்த பி.டி.எஃப் கோப்பைப் பார்வையற்ற வக்கீலின் திரைவாசிப்பு மென்பொருளால் நேரடியாகப் படிக்க முடியாது. எழுத்தறியும் வசதியோடு ஸ்கேன் செய்வது பெரிய செலவில்லை.

மொழி: தமிழ் வழியில் படித்தவருக்கு ஆங்கிலத்தில் மனு எழுத ஆறு மாதம் பொறுமையாகச் சொல்லித்தரலாம்.

மற்றவர்களுக்கு இதில் என்ன?

"இது வக்கீல்கள் பிரச்சினைதானே, நமக்கென்ன?" என்று தோன்றலாம். ஆனால், உயர் நீதிமன்ற நீதிபதிகளில் பெரும்பாலானோர் வக்கீல்களிலிருந்துதான் தேர்வாகிறார்கள். அதற்கு உயர் நீதிமன்றத்தில் குறைந்தது 10 ஆண்டுகள் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். வாடகை கட்ட முடியாமல் மூன்றாவது வருடம் ஊருக்குத் திரும்பியவரின் பெயர் அந்தப் பட்டியலுக்கு வரவே வராது.

நாளை நம் வழக்கைக் கேட்கப்போகும் நீதிபதி யார் என்பதை, இன்று ஏதோ ஒரு வக்கீல் ஆபீஸ் ஜூனியருக்குக் கொடுக்கும் அல்லது கொடுக்காத அந்த மாதத் தொகையும் தீர்மானிக்கிறது.