கேட்டால்தானே தெரியும்!

பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு பிறந்த கோடிப் பரிசு வினாடி வினா, 2000இல் அமிதாப் பச்சன் வாயிலாக இந்திக்கும், 2012இல் நடிகர் சூர்யா வாயிலாக 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' எனத் தமிழுக்கும் வந்தது. ஆயினும் 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'கோடீஸ்வரி' தனிச்சிறப்புடையது. வினாத் தொடுத்தவர் நடிகை ராதிகா சரத்குமார். விடையளிக்க அமர்ந்தோர் அனைவரும் பெண்கள்.

2020 ஜனவரியில் அவ்விருக்கையில் அமர்ந்தார் மதுரை நீதிமன்ற ஊழியர் கௌசல்யா கார்த்திகா. செவித்திறனும் பேச்சுத்திறனும் இழந்தவர். 15 வினாக்களுக்கும் சரியான விடையளித்து, ஒரு கோடி ரூபாயை வென்றார்.

சிந்தித்துப் பாருங்கள்! அவ்வறிவு அன்று பிறந்ததன்று. பல்லாண்டுகளாக அவரிடம் இருந்ததே. கேட்க ஒருவர் முன்வந்தபோது உலகுக்குத் தெரிந்தது.

பேச வாயும் கேட்கச் செவியும் உள்ள நம் இல்லத்துப் பெண்களிடம் நாம் கேட்பதென்ன? "சோறு ஆயிற்றா? பிள்ளை உறங்கிற்றா?" இவற்றுக்கு மேல் உண்டா? எங்கள் கீரனூர் மதரஸாவில் வினாத் தொடுத்தால், முதலில் எழும் குரல் பெரும்பாலும் சிறுமியருடையதே. வளர்ந்தபின் அக்குரல் எங்கே போய்விடுகிறது?

இன்றிரவு உணவின்போது மகளிடமோ மனைவியிடமோ ஒரு வினாத் தொடுங்கள்; நாட்டு நடப்பாகவோ குடும்பக் கணக்காகவோ இருக்கட்டும். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.