பம்ப் செட்டும் பட்டறையும்: கீரமங்கலம் அன்றும் இன்றும்

கீரமங்கலத்துப் பூ மார்க்கெட்டுக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முகூர்த்த நாள் என்றால் விலை எகிறும். மறுநாளே தரையைத் தொடும். விலை எப்படிப் போனாலும் செடிக்குத் தண்ணீர் விட்டாக வேண்டும். ஆலங்குடி வட்டத்தின் இந்தப் பக்கம் பூ, தென்னை, பலா, வாழை என்று எல்லாமே நிலத்தடி நீரை நம்பி நிற்பவை. அதனால் இங்கே தண்ணீர் இறைக்கும் எந்திரம் நின்றுபோனால், தேய்ந்த பாகத்துக்கு மாற்று எங்கே கிடைக்கும் என்ற கேள்வி உடனே எழும். அதற்கான பதில் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியிருக்கிறது.

மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிய காலத்தில் பதில் அடுத்த தெருவில் இருந்தது. தண்ணீர் அள்ளும் இரும்புச் சாலைக் கொல்லர் அடித்தார். உருளையைத் தச்சர் இழைத்தார். சாலின் அடியில் தொங்கும் தோல் தும்பியைத் தோல் வேலை தெரிந்தவர் தைத்தார். கூலி பெரும்பாலும் அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. தும்பி கிழிந்தால் கிணற்றடியிலேயே உட்கார்ந்து ஒட்டுப்போட்டுவிடலாம். வேலை கடினம், மாடும் மனிதனும் பகல் முழுக்கப் பள்ளத்தில் இறங்கி ஏறியாக வேண்டும். ஆனால் ஊருக்கு வெளியே போய்த் தேட வேண்டிய பாகம் என்று அதில் எதுவும் இல்லை.

பிறகு ஆயில் எஞ்சின் வந்தது. கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் 1946இல் புனேயில் தொடங்கப்பட்ட நிறுவனம். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இலேயே உள்நாட்டு மின் மோட்டாரைச் செய்து காட்டியிருந்தார்கள். அந்த நகரத்து ஃபவுண்டரிகள் பிற்காலத்தில் தமிழகக் கிணறுகளுக்கெல்லாம் பம்ப் வார்த்துக் கொடுத்தன. மின்கம்பம் வராத வயலில் எஞ்சின்தான் ராஜா. டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்துக்கொண்டு கைப்பிடியை வேகமாகச் சுற்றி, சக்கரம் வேகம் பிடித்ததும் லீவரை விட்டால் முதல் வெடி வெடிக்கும். பிறகு நாள் முழுக்க அதன் சத்தம் வயல்வெளியில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த எஞ்சின்தான் லேத் பட்டறையை விவசாயிக்கு உறவாக்கியது. தேய்ந்த பாகத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனால் டர்னர் முதலில் கேட்பது, "சாம்பிள் இருக்கா அண்ணே?" என்பதுதான். பழைய பாகம்தான் வரைபடம். கன்மெட்டல் புஷ் என்றால் தண்டின் விட்டத்தை வெர்னியரில் பார்த்துக் கடைந்து, மாட்டிப் பார்த்து, பிடிக்கும் இடத்தைச் சுரண்டி விடுவார்கள். வெள்ளை மெட்டல் பேரிங் தேய்ந்துபோனால் பழையதை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றிக் கடைவார்கள். கேஸ்கட்டுக்குக் கடையைத் தேடவே வேண்டாம். ஷீட்டை ஃபிளாஞ்சின் மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், இரும்பின் ஓரமே ஷீட்டை அறுத்துக் கொடுத்துவிடும். போல்ட் துளைக்குப் பால் பேரிங்கின் ஒரு குண்டை வைத்து ஒரு போடு போட்டால் வட்டமாக விழுந்துவிடும்.

வார்ப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. உடைந்த இரும்பு உறுப்பை அப்படியே மணலில் பதித்து அச்செடுத்து வார்த்தால் புதியது பொருந்தாது. உருகிய இரும்பு ஆறும்போது அடிக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும். மூலப் பாகமோ ஏற்கெனவே தேய்ந்து கிடக்கிறது. அதனால் பேட்டர்ன் செய்பவர் மரத்தில் அதைச் சற்றுப் பெரிதாகச் செதுக்குவார். கடைசலில் போகப்போகும் கனத்தையும் சேர்த்துக்கொள்வார். எந்திரம் பிறந்த அளவைத் தேய்ந்த பாகத்திலிருந்து யூகிக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த வேலை வரும்.

ஊர்ப் பட்டறையால் முடியாததும் ஒன்று இருந்தது. எஞ்சினுக்கு டீசல் ஊட்டும் பம்ப்பின் பிளஞ்சரும் அதன் உறையும் ஒன்றோடொன்று இழைத்து ஜோடி சேர்க்கப்பட்டவை. இடைவெளி மைக்ரான் கணக்கு. அதையும் நாசிலையும் கம்பெனி சரக்காகத்தான் வாங்க வேண்டும். இருந்தாலும் எஞ்சினின் முக்கால்வாசி பாகங்கள் பக்கத்து ஊர்க் கைகளுக்குள்ளேயே அடங்கின.

பாகம் செய்யும் இதே கலையை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன ஊர் குஜராத்தின் ராஜ்கோட். இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற சிற்றூரில் லிஸ்டர் நிறுவனம் சிஎஸ் வகை எஞ்சினைச் செய்துவந்தது. நிமிடத்துக்கு 650 சுற்று, 6 குதிரைத்திறன், இரண்டு கனத்த ஃபிளைவீல், நான்கரை அங்குலச் சிலிண்டர், ஐந்தரை அங்குல ஓட்டம். அவ்வளவு நிதானமாக ஓடியதால்தான் அது அவ்வளவு காலம் உழைத்தது. டர்ஸ்லியில் அதன் தயாரிப்பு 1987இல் நின்றது. அதே வகையைச் செய்துவந்த ராஜ்கோட் ஃபவுண்டரிகளில் நிற்கவில்லை; இந்திய விவசாயிக்கு அது தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. இன்று இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் தாத்தா காலத்து லிஸ்டரைத் துடைத்து ஓட்டி மகிழ்பவர்கள் பிஸ்டனுக்கும் கேஸ்கட்டுக்கும் ராஜ்கோட் சரக்கைத் தேடுகிறார்கள். பழம்பொருள் மோகம் காப்பாற்றிய எந்திரம் அல்ல அது. யாரோ ஒருவரின் கடலைக் காடு காப்பாற்றியது.

எல்லாப் பழைய எந்திரத்துக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இல் வந்த பேக்மேன் போன்ற காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர்களைக் கேளுங்கள். பட்டனையும் கைப்பிடியையும் இப்போது முப்பரிமாண அச்சில் எடுத்துவிடுகிறார்கள்; மரப்பெட்டியை அறுத்துச் செய்துவிடுகிறார்கள். பிக்சர் டியூபில் வந்து நின்றுவிடுகிறார்கள். அதை வார்க்க ஒரு பெரிய தொழிற்சாலையே வேண்டும். அந்தத் தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டன. பட்டறையில் கடைய முடிந்த பாகம், கடைய முடியாத பாகம் என்ற இந்தப் பிரிவுதான் ஓர் எந்திரத்தின் ஆயுளை எழுதுகிறது.

கீரமங்கலத்து எஞ்சின் மட்டும் பாகம் கிடைக்காமல் ஓயவில்லை. தண்ணீர் கீழே போனதால் ஓய்ந்தது. மேலே இருந்து உறிஞ்சும் பம்ப், கணக்குப்படி 34 அடிக்குக் கீழிருந்து தண்ணீரை இழுக்க முடியாது. நடைமுறையில் 25 அடி போனாலே திணறும். அதனால் முதலில் கிணற்றுக்குள் மேடை கட்டிப் பம்ப்பை இறக்கினார்கள். அதுவும் போதாமல் போனபோது ஆழ்குழாய், அதற்குள் நீர்மூழ்கி மோட்டார். பல நூறு அடி ஆழத்தில் மோட்டாரும் பம்ப்பும் ஒன்றாகவே கிடக்கின்றன. மேலே நிற்கும் எஞ்சினிலிருந்து அங்கே பெல்ட் போட முடியாது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. டீசல் ஊற்றி எஞ்சின் ஓட்டுவதற்கு அதன் பிறகு காரணமே இல்லாமல் போயிற்று.

இன்று மோட்டார் எரிந்தால் செயின் பிளாக் கட்டிக் குழாயை ஒவ்வொன்றாக மேலே எடுக்கிறார்கள். ரீவைண்டிங் கடைக்காரர் சுருளை மறுபடி சுற்றித் தருவார். அந்தக் கை இன்னும் ஊரில் உண்டு. தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரோ பெரும்பாலும் அச்சில் ஊற்றிய பிளாஸ்டிக். அந்த மாடலுக்கு அதே கம்பெனியின் இம்பெல்லர்தான் சேரும். மாடல் நின்றுவிட்டால் பம்ப்பையே மாற்ற வேண்டியதுதான். செல்போனில் மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டரிலும் சோலார் பம்ப்பின் கன்ட்ரோலரிலும் கார்டு போய்விட்டால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குகிறோம். தண்ணீர் ஆழம் போகப்போக, பாகம் செய்கிற கையும் தூரம் போய்க்கொண்டே இருக்கிறது.

இதில் நஷ்டம் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். கவலை ஓட்டிய முதுகுக்குத்தான் அந்த வலி தெரியும். எஞ்சின் வீட்டுப் புகையில் நின்று இருமியவர்களும் அதைத் திரும்பக் கேட்க மாட்டார்கள். ஆனால் 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை கடந்தபோது வேறொரு கணக்கும் தெரிந்தது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்தன. கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. மோட்டார்கள் எல்லாம் பூமிக்கடியில் நல்ல நிலையில்தான் இருந்தன. அவற்றை ஓட்ட வழியில்லை. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத்தான் குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள்.

தூரம் போன கையைத் திரும்பப் பக்கத்தில் கொண்டுவரும் பேச்சும் எழுந்திருக்கிறது. ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. உதிரி பாகமும் பழுதுபார்க்கும் விவரமும் கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். இது செல்போன்காரர்களின் சண்டை என்று நாம் விட்டுவிடக் கூடாது. மானியத்தில் பம்ப் கொடுக்கும் அரசு, அதன் இம்பெல்லர் அளவும் கார்டின் சுற்றுப்படமும் வெளியில் கிடைக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதலாம். எத்தனை வருடம் உதிரி பாகம் தருவீர்கள் என்று கேட்டு வாங்கலாம். வாங்குகிற விவசாயியும் விலையையும் குதிரைத்திறனையும் விசாரித்த கையோடு இன்னொன்றையும் விசாரிக்கலாம்: இதில் என்னென்ன உடைந்தால் நம்ம ஊரிலேயே செய்துகொள்ள முடியும்? கடைக்காரரால் பதில் சொல்ல முடியாத பம்ப், மானியத்தில் கிடைத்தாலும் விலை கூடுதல்தான்.