நடுவரின் சார்பின்மை குறித்த முடிவின் இறுதித்தன்மை

நடுவர் ஒருவர் ஒருதலைச் சார்புடையவர் என்ற ஆட்சேபணையின் மீது எடுக்கப்படும் முடிவை எப்போது, எங்கே எதிர்க்கலாம் என்பது நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் முக்கியமான கேள்விகளுள் ஒன்றாகும். இந்தியாவில் இதற்கான விதிகள் நடுவர் மற்றும் சமரசச் சட்டம், 1996-இல் உள்ளன.

ஆட்சேபணை முறை

நடுவராக இருக்க அழைக்கப்படுபவர், தமது நடுநிலையில் நியாயமான ஐயத்தை எழுப்பக்கூடிய உறவுகளை எழுத்து மூலம் வெளிப்படுத்த வேண்டும் (பிரிவு 12). தரப்பினர் வேறு நடைமுறையை ஒப்புக்கொண்டிராவிட்டால், ஐயத்திற்கான காரணத்தை அறிந்த 15 நாட்களுக்குள் நடுவர் மன்றத்திடமே முறையிட வேண்டும் (பிரிவு 13). நடுவர் தாமாக விலகாமலும், எதிர்த்தரப்பு ஆட்சேபணையை ஏற்காமலும் இருந்தால், அம்மன்றமே முடிவு செய்யும். ஒரே நடுவர் உள்ள வழக்கில், தம்மீதான ஆட்சேபணையை அவரே தீர்மானிக்க நேர்கிறது.

நிராகரிக்கப்பட்டால்

ஆட்சேபணை தோற்றால் விசாரணை தொடரும், தீர்ப்பும் வழங்கப்படும். நிராகரிப்பை எதிர்த்து உடனடியாக மேல்முறையீடு செய்ய பிரிவு 37 இடம் தரவில்லை. தீர்ப்பு வந்த பின்னரே, அதை நீக்கக் கோரி பிரிவு 34-இன் கீழ் நீதிமன்றத்தை நாடலாம். அதுவரை, நம்பிக்கை இழந்த நடுவரின் முன்பே செலவும் காலமும் செலுத்தி வழக்கை நடத்த வேண்டும். தீர்ப்பு நீக்கப்பட்டால், அந்த நடுவருக்குக் கட்டணம் உரியதா என்பதையும் நீதிமன்றம் தீர்மானிக்கலாம். ஒவ்வோர் ஆட்சேபணையும் நீதிமன்றம் சென்றால், வழக்கை இழுத்தடிக்க அது கருவியாகிவிடும் என்பதே இந்த ஏற்பாட்டுக்கான காரணம்.

விதிவிலக்கு

2015-ஆம் ஆண்டின் திருத்தம் ஏழாம் அட்டவணையைச் சேர்த்தது. ஒரு தரப்பின் ஊழியர், ஆலோசகர் போன்று அதில் கூறப்பட்ட உறவு உடையவர் நடுவராகும் தகுதியையே இழக்கிறார். இத்தகைய நிலையில் தீர்ப்புக்குக் காத்திராமல், பிரிவு 14-இன் கீழ் நேரடியாக நீதிமன்றத்தை அணுகலாம் என உச்ச நீதிமன்றம் 2017-இல் எச்.ஆர்.டி. கார்ப்பரேஷன் எதிர் கெயில் வழக்கில் தெளிவுபடுத்தியது. தகராறு எழுந்த பின்னர், தரப்பினர் வெளிப்படையான எழுத்து ஒப்பந்தத்தால் மட்டுமே இத்தகுதியின்மையைத் தள்ளுபடி செய்ய முடியும்.

ஒப்பீடு

இந்தியச் சட்டத்திற்கு அடிப்படையாக அமைந்த 1985-ஆம் ஆண்டின் ஐ.நா. மாதிரிச் சட்டம் வேறு வழியைக் காட்டுகிறது. அதன்படி, நிராகரிக்கப்பட்ட தரப்பு 30 நாட்களுக்குள் நீதிமன்றத்தை அணுகலாம். அதன் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை. அங்கே இறுதிச்சொல் வழக்கின் நடுவிலேயே நீதிமன்றத்திடமிருந்து வருகிறது. இந்தியாவில் மன்றத்தின் நிராகரிப்பு தீர்ப்பு வரும் வரை மட்டுமே இறுதியானது. எனவே காரணத்தை அறிந்தவுடன் ஆட்சேபணையை எழுத்தில் பதிவு செய்வது அவசியமாகிறது.