காற்று எந்த வழியாக நுழைகிறது?

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாயிற்று, கியர் நியூட்ரலில் இருக்கிறது. ஆனாலும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே இறங்க மறுத்து இரைந்துகொண்டே நிற்கிறது. 1980களின் ஃபோர்டு எஃப்-150 பிக்அப்பை இன்றும் ஓட்டும் அமெரிக்கர்களுக்கு இது பழகிய தொல்லை. பலரும் முதலில் கார்ப்பரேட்டரின் ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள். அது பலிக்காவிட்டால் புது கார்ப்பரேட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டுமே அவசர வேலை. இந்தக் கோளாறை ஒழுங்காகத் தேடினால் பெரும்பாலும் சில அடி ரப்பர் குழாயிலோ, ஒரு கேஸ்கட்டிலோ, கழன்றுபோன ஒரு ஒயரிலோ முடிந்துவிடும்.

அந்தப் பிக்அப்புகளில் பரவலாக இருந்தது 300 கன அங்குல, அதாவது 4.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். 1965இல் வந்து 1996 வரை தயாரிப்பில் இருந்த உழைப்பாளி. 1987 மாடலில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வரும்வரை கார்ப்பரேட்டர்தான் அதற்குப் பெட்ரோல் ஊட்டியது.

எஞ்சினின் வேகத்தைத் தீர்மானிப்பது பெட்ரோல் என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் நம் கால் கட்டுப்படுத்துவது காற்றை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார்ப்பரேட்டரின் அடியிலுள்ள த்ராட்டில் தகடு திறந்து காற்றை உள்ளே விடுகிறது. அந்தக் காற்று போகிற போக்கில் பெட்ரோலை இழுத்துக்கொள்கிறது. ஆகவே காலை எடுத்த பிறகும் எஞ்சின் இரைகிறது என்றால், கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: கூடுதல் காற்று எந்த வழியாக நுழைகிறது?

ஐடிலிங்கில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 4.9 லிட்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் 2.45 லிட்டர் இடத்தை நிரப்பப் பார்க்கிறது. 700 சுற்றில் அது நிமிடத்துக்கு 1,700 லிட்டருக்கு மேல். ஆனால் தகடு கிட்டத்தட்ட மூடியிருப்பதால் அவ்வளவு காற்று கிடைப்பதில்லை. விளைவாக, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. வாக்குவம் கேஜை மாட்டினால், நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் ஆடாமல் நிற்கும். கார்ப்பரேட்டரின் பிரதான ஜெட் இந்த நேரத்தில் வேலை செய்வதில்லை. தகட்டுக்குக் கீழேயுள்ள ஊசித்துளை ஒன்றின் வழியாகவே பெட்ரோல் கசிந்து வருகிறது.

இந்த நிலையில் மேனிஃபோல்டில் எங்காவது ஓட்டை விழுந்தால், அதில் காற்று பாயும் வேகம் வியப்பானது. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தில் 53 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், ஓட்டையின் குறுகலில் காற்று ஒலியின் வேகத்தையே எட்டிவிடும். 3 மி.மீ. ஓட்டைக்குக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 70 லிட்டர் வருகிறது. ஐடிலிங்கில் எஞ்சினுக்குத் தேவைப்படும் காற்றில் இது பத்தில் ஒரு பங்குக்கு மேல். காதைக் கொடுத்தால் கேட்கும் அந்த 'உஸ்' சத்தம் இந்தப் பாய்ச்சலின் சத்தம்தான்.

இந்த ஓட்டை கண்ணில் படுவதில்லை. எண்ணெய்க் கசிவு என்றால் தரையில் சொட்டும். இது கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் விரிசல் விழுந்து மோட்டார் காற்று வாங்குவதைப் போன்றது. வெளியே எதுவும் சொட்டாது, உள்ளே மட்டும் போகும்.

ஆனால் ஓட்டையைத் தேடும் முன் தகடு உண்மையிலேயே மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஏர் கிளீனரைக் கழற்றி, த்ராட்டில் கம்பியைக் கையால் திறந்து விட்டுப் பாருங்கள். 'டக்' என்று திரும்ப வேண்டும். கேபிள் துருப்பிடித்து இழுத்துக்கொண்டிருக்கலாம்; கால்மிதி பெடலின் மேல் ஏறியிருக்கலாம்; ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஒரு ஸ்பிரிங் அறுந்தாலும் த்ராட்டில் தானாக மூட வேண்டும் என்று அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதி 1973 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அதனால்தான் இந்த வண்டிகளில் ஒன்றுக்கு இரண்டாக ஸ்பிரிங் இருக்கும். ஒன்று காணாமல் போயிருந்தால் மற்ற எல்லா வேலையையும் விட்டுவிட்டு அதை முதலில் மாட்டுங்கள். த்ராட்டில் திறந்தே சிக்கிக்கொண்டால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்த சந்தேகம் சோக்கின் மேல். குளிர்ந்த எஞ்சினை ஓட வைக்க, சோக் மூடியிருக்கும்போது படிப்படியாக வெட்டிய ஒரு சிறு கேம் த்ராட்டிலைச் சற்றுத் திறந்து பிடித்துக்கொள்ளும். சுருள் வடிவ இரட்டை உலோகப் பட்டை சூடேறி விரியும்போது சோக் திறந்து, கேம் விலகும். ஆனால் த்ராட்டிலின் ஸ்க்ரூ அழுத்திப் பிடித்திருப்பதால் கேம் தானாகக் கீழே விழாது. சூடான பின் ஒருமுறை ஆக்சிலரேட்டரைத் தட்டிவிட வேண்டும். 'வண்டி ரேஸிங்கிலேயே நிற்கிறது' என்ற புகார் சில நேரம் இந்த ஒரு தட்டிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் அந்தப் பட்டையைச் சூடாக்கும் ஒயரைப் பாருங்கள். அந்தக் கால ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் அதற்கு மின்சாரம் ஆல்டர்னேட்டரின் ஒரு முனையிலிருந்து, ஏறத்தாழ 7 வோல்ட்டில் வருகிறது. எஞ்சின் ஓடினால்தான் சோக் சூடாக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த ஒயர் கழன்றுவிட்டால் எஞ்சின் எவ்வளவு சூடானாலும் சோக் சரியாகத் திறக்காது, கேமும் விலகாது.

தகடு மூடுகிறது, கேமும் விலகிவிட்டது, ஆனாலும் இரைகிறது என்றால்தான் ஓட்டையைத் தேட இறங்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் கருப்புக் குழாய்களின் காடு. அந்தக் காட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கண்ணெரிச்சல் புகைமூட்டம், வண்டிகளும் எண்ணெய்த் தொழிலும் வெளியிடும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிவதால் உண்டாகிறது என்று 1950களில் கால்டெக் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் நிறுவினார். 1970இல் சுத்தக் காற்றுச் சட்டம் கடுமையானது. கணினி மலிவாகக் கிடைக்காத காலம் அது. புகையைக் குறைக்கும் ஒவ்வொரு வால்வையும் பொறியாளர்கள் மேனிஃபோல்டின் வாக்குவத்தைக் கொண்டே இயக்கினார்கள். ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு ரப்பர் குழாய். காற்றைச் சுத்தமாக்கிய நல்ல வேலைதான் அது. ஆனால் நாற்பது ஆண்டுச் சூட்டில் ரப்பர் கட்டையாகி, முனைகளில் வெடித்துவிடும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு குழாயாக மூக்குக் குறடால் மென்மையாக நெரியுங்கள். எந்தக் குழாயை நெரித்ததும் இரைச்சல் இறங்குகிறதோ, காற்று போகும் பாதை அதுதான். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை மறந்துவிடக் கூடாது. பூஸ்டரின் உள்சவ்வு கிழிந்திருந்தால் பிரேக்கை மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் மாறும். அங்கே கோளாறு என்றால் அது ஐடிலிங் பிரச்சினையோடு நிற்காது.

குழாய்கள் எல்லாம் சரி என்றால் சந்தேகம் கேஸ்கட்டுகளுக்குப் போகிறது. பலர் இங்கே கார்ப்பரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். இந்த எஞ்சினில் அதைச் செய்யாதீர்கள். இதில் இன்டேக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் இரண்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன; தெறிக்கும் கிளீனர் நேராகக் கொதிக்கும் இரும்பில் விழுந்து பற்றிக்கொள்ளும். ஸ்ப்ரே பாட்டிலில் சாதாரணத் தண்ணீர் போதும். கார்ப்பரேட்டரின் அடித்தளம், மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இணைப்பு என்று ஒவ்வோர் இடமாக மெல்லிய தூறலாக அடியுங்கள். ஓட்டையின் மேல் தண்ணீர் பட்ட கணம் அந்த 'உஸ்' அடங்கி, எஞ்சின் ஒரு நொடி தடுமாறும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

நம் ஊர் பைக் மெக்கானிக்குகளுக்கு இது தெரிந்த சங்கதி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வரும்வரை இந்திய பைக்குகளில் பெரும்பாலானவை கார்ப்பரேட்டர் வண்டிகள். கார்ப்பரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் ரப்பர் வெடித்தால் வண்டி நின்ற இடத்தில் ரேஸ் ஆகும். "ஏர் இழுக்குது" என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள்.

ஓட்டை விழுந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் திணறத்தானே வேண்டும், எப்படி வேகம் கூடுகிறது? ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் ஏற்கெனவே எரிந்த வாயு நிறையத் தங்கிவிடுவதால், கலவையில் பெட்ரோல் சற்றுத் தூக்கலாகவே வைக்கப்படுகிறது. சிறு ஓட்டை வழியாக வரும் காற்று அதைச் சமன்செய்து நன்றாக எரிய வைக்கிறது, வேகம் ஏறுகிறது. ஓட்டை பெரிதானால் திணறல் வரும். உரிமையாளர் திணறலை மறைக்க ஐடிலிங் ஸ்க்ரூவை இறுக்குவார். இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. தகடு தேவைக்கு மேல் திறந்தால், அதன் விளிம்பருகே ஒளிந்திருக்கும் நீண்ட துளை வெளிப்பட்டு அதிலிருந்தும் பெட்ரோல் வரும். ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வாக்குவம் தரும் துளையும் வெளிப்படும். ஸ்பார்க் முன்னதாகவே அடிக்கும். எஞ்சின் இன்னும் வேகமெடுக்கும். வேகம் கூடியதும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் எடைகள் விரிந்து டைமிங்கை மேலும் முன்னே தள்ளும். ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிட்டுக்கொண்டே போகும். ஐடிலிங் பெட்ரோலை அளவிடும் மிக்சர் ஸ்க்ரூ சீல் வைக்கப்படாத வண்டியில் இதற்கு நல்ல சோதனை உண்டு: ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகியும் எஞ்சின் சட்டை செய்யவில்லை என்றால், ஐடிலிங் துளையை நம்பி அது ஓடவில்லை என்று அர்த்தம்.

டைமிங் மட்டுமே தனிக் குற்றவாளியாக இருப்பதும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் குழாயைத் தகட்டுக்கு மேலுள்ள துளையில் செருகாமல் நேராக மேனிஃபோல்டில் செருகியிருந்தால், ஐடிலிங்கிலேயே முழு அட்வான்ஸ் கிடைத்துவிடும். குழாயைக் கழற்றி வாயை அடைத்தால் வேகம் சட்டென்று இறங்கும்.

தேடலின் கடைசியில் த்ராட்டில் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். எஃகுத் தண்டு மென்மையான வார்ப்புலோகத்தில் பல ஆண்டுகள் உரசி, துளை முட்டை வடிவாகத் தேய்ந்திருக்கும். அந்த இடைவெளியிலும் காற்று நுழையும். தகடும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வந்து நிற்பதால் ஐடிலிங் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. இதற்கும் புது கார்ப்பரேட்டர் தேவையில்லை என்பதே என் கருத்து. துளையைக் கடைந்து புஷ் போட்டுத் தரும் பட்டறைகள் இருக்கின்றன. பழைய வார்ப்பு மலிவான நகலைவிடப் பல ஆண்டு கூடுதலாக உழைக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஐடிலிங் ஸ்க்ரூவின் முறை. பானெட்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரில் அந்த வண்டிக்குரிய வேகமும் டைமிங்கும் அச்சிட்டிருக்கும். முதலில் டைமிங், பிறகு வேகம், அப்புறம் மிக்சர் என்ற வரிசையில் டேக்கோமீட்டரைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். மேனிஃபோல்டு கேஸ்கட்டை மாற்றியிருந்தால் சில நாள் ஓட்டிவிட்டு, எஞ்சின் நன்றாக ஆறியதும் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். சூடேறி ஆறும்போது புது கேஸ்கட் அமுங்கி, முதலில் கொடுத்த இறுக்கம் தளர்ந்திருக்கும்.